வலியைக் கேட்கும் தோழி

அல்ஃபோன்ஸ் தோதேயின் ‘லா துலு’வை நான் படித்தது மரக்காணத்தில், அத்தை வீட்டுத் திண்ணையில், குப்புறப் படுத்துக்கொண்டு. உட்கார்ந்து படிக்க முடியாது. இடுப்பு வலிக்கு அது நான்காவது வருஷம். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர்கள், ஜவ்வு கொஞ்சம் விலகியிருக்கிறது, இந்த வயதில் சகஜம்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும், “நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க” என்றார். உண்மைதான், யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். இதை யாரிடம் பேசுவது என்பதுதான் அப்போது என் யோசனை. வீட்டில் எல்லோரும் கேட்டுச் சலித்துவிட்டார்கள். ஆள் கிடைக்காததால் புத்தகம் தேடினேன்.

தோதே 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு நாவலாசிரியர். மேகநோய் முற்றித் தண்டுவடத்தைத் தாக்க, வாழ்வின் கடைசிப் பத்தாண்டுக்கும் மேலாக ஓயாத வலியில் இருந்தவர். அந்த வலியைப் பற்றி அவ்வப்போது எழுதிவைத்த துண்டுக் குறிப்புகள்தான் இந்தப் புத்தகம். 1897இல் அவர் இறந்து முப்பதாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1930இல்தான் அச்சேறியது. ‘துலு’ என்றால் புரோவான்ஸ் மொழியில் வலி. ஜூலியன் பார்ன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2002இல் வந்தது.

குறிப்புகள் குறிப்புகளாகவே நின்றுவிட்டதுதான் இந்தப் புத்தகத்தின் பலம் என்று நினைக்கிறேன். வலிக்கு நேற்று, இன்று, நாளை என்று கதை கிடையாது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிற மாதிரிதான் அது. தோதே அதற்கு முதல், இடை, கடை வைத்து நாவலாக்கியிருந்தால் பொய்யாகிப் போயிருக்கும். வலி, படுபவனுக்கு ஒவ்வொரு முறையும் புதிது, சுற்றியிருப்பவர்களுக்கோ பழங்கதை என்ற பொருளில் அவர் எழுதியிருக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வருஷமாக என் வீட்டில் நடப்பது அதுதான்.

ஆனால் புத்தகத்தில் எனக்கு உயிரான பகுதி வேறு. தெற்கு பிரான்ஸில் லமலூ-லே-பேன் என்று ஒரு வெந்நீர் ஊற்று ஊர். தோதே வருஷா வருஷம் அங்கே சிகிச்சைக்குப் போவார். அங்கே அவரைப் போலவே நடை தடுமாறுபவர்கள், ஊன்றுகோல்காரர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள். பாரிஸில் குடும்பத்துக்கு முன்னால் வலியை மறைத்துக்கொள்ளும் மனிதர், இங்கே யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்ற நோயாளிகள் அவரிடம் வந்து யோசனை கேட்கிறார்கள், அவரும் தேற்றி அனுப்புகிறார். இன்று ‘ஆதரவுக் குழு’ என்று நாம் சொல்லும் ஒன்றைப் பற்றி எழுதப்பட்ட மிக நல்ல பக்கங்கள் இவை. தன்னைப் போல ஒருவனைப் பார்ப்பதிலுள்ள ஆறுதலை மட்டும் அவர் எழுதவில்லை. தன்னைவிட ஒரு படி முற்றியவனைப் பார்க்கும்போது அடுத்த வருஷத்துத் தன்னையே பார்த்துவிடுகிற திகிலும் அதில் இருக்கிறது.

ஆனால் லமலூ ஒரு பருவத்து ஊர். சீசன் முடிந்தால் அவரவர் வீட்டுக்குப் போய் மறுபடி மறைத்துக்கொள்ள வேண்டியதுதான். அங்கே போய்த் தங்க வசதியும் வேண்டும். தோதே இதைப் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. அவருக்கு வலி என்பது தனிமனிதனுக்கு நேர்ந்த விபத்து. அந்த விபத்தில் அடிபட்டவர்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் தெருவில் போகிறவர்களில் பாதிப்பேர் காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறார்கள். உப்பள ஊர். உப்புநீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காய்ந்து பூத்ததைப் பலகையால் வாரி, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போய்க் குவிக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் போனால்தான் வெயிலுக்குத் தப்பலாம். அத்தை இருபது வருஷத்துக்கு மேல் உப்புச் சுமந்தவள். ஒருநாள் வேலை முடிந்து வந்த பெண்கள் நான்கைந்து பேர் புளியமரத்தடியில் குந்தியிருந்தார்கள். நானும் போய் நின்றேன். உட்கார முடியாது என்று சொன்னதும் ஒரு அக்கா கேட்டார்:

“குத்துதா, கொடையுதா?”

நான்கு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. பத்துக்கு எத்தனை என்று எண் கேட்டவர்கள் உண்டு. எப்படி வலிக்கிறது என்று கேட்டவர் இல்லை. “காலையில கொடையுது, சாயங்காலம் ஆனா எரியுதுக்கா” என்றேன். “அப்ப நரம்புல எறங்கிப் போச்சி” என்று அவர் முடிவே செய்துவிட்டார். பிறகு அவரவர் கணக்கைச் சொன்னார்கள். ஒருவருக்குக் கழுத்தில் பிடிப்பு, ஒருவருக்கு முட்டியில் கடுப்பு, ஒருவருக்குப் பாதம் மதமதப்பு, ராத்திரியானால் வெடிப்பில் காந்தல். அத்தைக்குத் தோள்பட்டையில் உளைச்சல்.

வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் நோயைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஹாம்லெட்டின் சிந்தனைக்கும் லியரின் துயரத்துக்கும் இடம் கொடுக்கும் ஆங்கிலத்தில் தலைவலிக்கும் குளிர்நடுக்கத்துக்கும் சொல் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். வலியைப் பற்றி எழுதும் எல்லோரும் இதை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை, தமிழிலும்தான். எனக்கு இது அப்படியே ஒப்புக்கொள்ளக்கூடியதாகப் படவில்லை. 1975இல் ரொனால்ட் மெல்சாக் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட வலிக் கேள்வித்தாளில் 78 சொற்கள், 20 தொகுதிகளாக இருக்கின்றன. ஆங்கிலத்திலேயே அத்தனை இருந்திருக்கின்றன. உட்கார்ந்து கேட்டுப் பொறுக்க ஓர் ஆள்தான் தேவைப்பட்டார். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், காந்தல், எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, தெறிப்பு, மதமதப்பு என்று தமிழில் புளியமரத்தடியிலேயே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இல்லாதது சொல் அல்ல, கேட்கும் காது. வுல்ஃபின் குறை நம்மிடம் வரும்போது இடம் மாறிவிடுகிறது.

அந்த மரத்தடிதான் நான் தேடிய குழு என்று முடித்திருந்தால் இந்தக் கட்டுரை இன்னும் அழகாக இருக்கும். முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அங்கே எல்லோருடைய பேச்சும் ஒரே வாக்கியத்தில் போய் நின்றது: “எல்லாருக்கும் இருக்கறதுதான.” அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரும்போல ஆறுதலாக இருந்தது. நான்கு வருஷத் தனிமை ஒரு நிமிஷத்தில் போயிற்று. ஆனால் ராத்திரி படுத்திருந்தபோது உறைத்தது, மருத்துவர் சொன்ன ‘சகஜம்’ என்பதும் இதுவும் ஒரே சொல்தான். எல்லோருக்கும் இருப்பதால் யாருக்கும் மருந்து இல்லை. எனக்கு ஆறுதலான வாக்கியம்தான் அத்தையை இத்தனை வருஷமும் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் வைத்திருந்த வாக்கியம்.

இந்த இடத்தில் ராஜம் கிருஷ்ணனிடம் போக வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி, களத்துக்கே போய்ப் பார்த்து, 1970களின் இறுதியில் அவர் எழுதிய நாவல் ‘கரிப்பு மணிகள்’. உப்பளத்தைப் பற்றிப் பேசும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. கண்ணைப் பறிக்கும் வெள்ளை, உப்புநீர் தின்னும் கால், கூலிக் கணக்கு, பெண்கள் மீது நீளும் கை என்று எல்லாம் அதில் இருக்கிறது. தோதேயிடம் இல்லாத கேள்வி அவரிடம் இருக்கிறது: இந்த வலியை யார் உண்டாக்கினார்கள்? பொன்னாச்சியின் கதை தொழிலாளர் ஒன்றுகூடும் திசையில் நகரும்போது, ‘எல்லாருக்கும் இருக்கறதுதான’ என்பது ‘எல்லாருக்கும் ஏன் இருக்கிறது?’ என்று மாறுகிறது. அது பெரிய காரியம்.

ஆனாலும் நாவலுடன் எனக்கொரு பிணக்கு உண்டு. அதில் உடம்பின் வலி பெரும்பாலும் சாட்சியாகத்தான் வருகிறது. சுரண்டலை நிரூபிக்க வெடித்த பாதம் காட்டப்படுகிறது. நிரூபித்ததும் கதை அடுத்த காரியத்துக்குப் போய்விடுகிறது. கூலி உயர்ந்த பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பாதம் காந்தும். அந்த இரண்டு மணிக்கு நாவலில் இடம் போதவில்லை. தோதேயிடம் இரண்டு மணி மட்டும்தான் இருக்கிறது. சங்கம் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்று, ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியது இன்னொன்று. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் முழு உடம்பு கிடைக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு நம் மரபில் ஒரு பெயரே இருக்கிறது: தோழி. மரக்காணம் மாதிரிக் கடற்கரைக்குச் சங்கக் கவிஞர்கள் நெய்தல் என்று பெயர் வைத்து, அதற்கு உரியது இரங்கல் என்றார்கள். அந்தப் பாட்டுகளில் வலியை ‘நோய்’ என்ற சொல்லாலேயே சொல்கிறாள் தலைவி. சொல்வதற்கு எதிரே ஒருத்தி இருக்கிறாள். கேட்பவள் இல்லாமல் அங்கே நோய் பேசப்படுவதே அபூர்வம். ஆனால் அதே மரபில் உப்பு விற்கும் பெண் எப்படி வருகிறாள் என்றும் பார்க்க வேண்டும். அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் ஓர் உமணர் மகளைக் காட்டுகிறார். ஊர் ஊராக நடந்து உப்பு விற்கிறாள். அவளைப் பார்த்ததால் தலைவனுக்கு நோய் வருகிறது. நடந்து விற்றவளின் கால் வலித்ததா என்று யாரும் கேட்கவில்லை. தலைவனின் நோய்க்குப் பாட்டு இருக்கிறது, உப்புக்காரியின் காலுக்கு இல்லை. இது அம்மூவனாரின் குற்றம் அல்ல. ஆனால் யாருடைய நோய்க்குத் தோழி கிடைப்பாள் என்ற கேள்வி அப்போதே ஆரம்பித்துவிட்டது.

தோழியை ஏற்பாடு செய்ய முடியுமா? கோழிக்கோட்டில் செய்திருக்கிறார்கள். 1993இல் மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் போன்ற மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரண, பராமரிப்புச் சங்கம், சில ஆண்டுகளிலேயே ஆஸ்பத்திரியை விட்டு வீடுகளுக்குப் போனது. அக்கம்பக்கத்துச் சாதாரண ஆட்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்திருப்பவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். புற்றுநோய்க்காரர்களுக்கு என்று தொடங்கியது, நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் மற்றவர்களுக்கும் விரிந்தது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஆக்கிப் பஞ்சாயத்துகளிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை உண்டு. மருந்து வீடு தேடி வர ஆரம்பித்துவிட்டது. கேட்பவரும் தேடி வர வேண்டும் என்பதுதான் கோழிக்கோடு சொல்லும் அடுத்த வரி.

வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பில் சேர்த்தது. இவ்வளவு சாதாரண விஷயத்தை உலகம் எழுதிவைக்க வேண்டியிருந்திருக்கிறது. நல்ல ஆதரவுக் குழுவுக்கு இரண்டு வேலை என்று இப்போது நினைக்கிறேன். ‘உனக்கு மட்டும் இல்லை’ என்று சொல்ல வேண்டும். உடனே, ‘அதனால் இது சும்மா விடக்கூடியது இல்லை’ என்றும் சொல்ல வேண்டும். லமலூ முதலாவதைச் சொன்னது. கரிப்பு மணிகள் இரண்டாவதைச் சொன்னது. புளியமரத்தடி முதலாவதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறது, மறுநாள் விடியுமுன் பாத்திக்குப் போக வேண்டுமே.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அத்தையிடம் கேட்டேன்.

“தோள்பட்ட எப்படி அத்த வலிக்குது?”

“எல்லாருக்கும் இருக்கறதுதானடா.”

“அது சரி. உனக்கு எப்படி இருக்குது?”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். யாரும் கேட்டதில்லை போல. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். இருட்டும்வரை சொன்னாள். நான் குப்புறப் படுத்தபடியே கேட்டேன். மறுநாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றோம். நிற்பது இரண்டு பேருக்கும் வலித்தது.