கூடலூர் கிழாரின் ஏழு நாள்

ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். முழுப் பக்கம்கூட இல்லை. என் பழைய சிறுகதை ஒன்றை ஒரு தொகுதியில் படித்தாராம். அந்தக் கதையில் கிராமத்து வாத்தியார் ஒருவர் இறக்கிறார். அவர் கண்ணை மூடுகிற அதே கணத்தில் மலை உச்சிக்கு மேலே ஒரு நட்சத்திரம் விழுகிறது. வாசலில் நிற்கும் பேரன் அதைப் பார்க்கிறான். கதை அங்கே முடிகிறது.

"படிச்சிட்டு அழுதேன்" என்று ஆரம்பித்த அம்மாள் அடுத்த வரியிலேயே என்னை மடக்கிவிட்டார். அவருடைய கணவர் பட்டுத் தறி நெய்தவர். போன ஆவணியில் காலமாகிவிட்டார். "அன்னிக்கு ராத்திரி நானும் வெளியே வந்து மானத்தைப் பாத்தேங்க. மேகமா இருந்துச்சு. ஒண்ணும் விழல. எங்க வூட்டுக்காரரும் நல்லவருதான். வாத்தியாருக்கு விழுந்தது இவருக்கு ஏன் விழல?"

கேலியாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். கேலி இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கிடைத்த சர்க்கரை தனக்குக் கிடைக்காமல் போனவர் ரேஷன் கடையில் கேட்பாரே, அந்தத் தோரணை. கடைக்காரன் நான்தான். மேகத்துக்குப் பின்னால் விழுந்திருக்கலாம் அம்மா என்று எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஏற்கெனவே சொன்ன பொய்க்கு அது வட்டி கட்டுவதாகும் என்று பட்டது.

அந்த நட்சத்திரம் விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் படுத்த படுக்கையாகி மூன்று பக்கம் ஓடிவிட்டது. எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் பிரதி போயாக வேண்டும். மேலே இருந்த நட்சத்திரம் ஒன்றைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். கதை தீபாவளி மலரில் வந்தது, பாராட்டும் வந்தது. நம்முடைய கதைகளில் இப்படித் தள்ளப்பட்ட நட்சத்திரங்களைக் கணக்கெடுக்கப் புகுந்தால் ஆகாயத்தில் மிச்சம் இராது. காதலர் பிரிகிறபோது ஒன்று. தியாகி சிறையில் உயிர் விடுகிறபோது ஒன்று. தாய் கண்ணை மூடுகிறபோது கட்டாயம் ஒன்று. பழைய சினிமாவில் காற்றில்லாமலே அணைகிற குத்துவிளக்கின் தம்பி இது.

நான் குடியிருப்பது திருவண்ணாமலையில். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தப்பைச் செய்தது இன்னும் மோசம். ஏனென்றால் இங்கே அப்படி நடந்தே இருக்கிறது. 1950-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு ரமண மகரிஷி காலமானார். அதே சமயத்தில் பெரிய நட்சத்திரம் ஒன்று வானத்தில் ஊர்ந்து போய் மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர். 1948-ல் காந்திஜி சுடப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பு அவரைச் சந்தித்தவர். ஒரு கணத்தைத் தப்பவிடாமல் பிடிப்பதற்கென்றே உலகப் புகழ் பெற்ற மனிதர். ஆனால் அந்த ஒளியை அவர் பிடித்த படம் எதுவும் நம்மிடம் இல்லை. அவர் சொன்ன வார்த்தைகள்தாம் ஆசிரம வெளியீடுகளில் இருக்கின்றன.

அந்தச் சில வாக்கியங்களை நான் பல தடவை படித்திருக்கிறேன். பக்திக்காக அல்ல, தொழிலுக்காக. வீட்டுக்கு முன்னாலிருந்த வெளியில் நின்றுகொண்டிருந்தாராம். நண்பர்கள் காட்டிய பிறகுதான் மேலே பார்த்தாராம். ஒளிவால் இருந்தது, தெற்கிலிருந்து வந்தது, மெதுவாக நகர்ந்தது, மலை உச்சியை எட்டி அதற்குப் பின்னால் மறைந்தது என்கிறார். உடனே எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்கள். பிறகுதான் ஆசிரமத்துக்கு ஓடியிருக்கிறார்கள். முதலில் கடிகாரம், அப்புறம் செய்தி. இந்த வரிசைதான் சாட்சியத்துக்கு உயிர். என்னைப் போன்றவன் எழுதியிருந்தால் முதலில் செய்தியைச் சொல்லி, நாலு பேரை அழவைத்து, நட்சத்திரத்தைக் கடைசிக்கு வைத்திருப்பேன்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நண்பர்கள் கூப்பிட்டுக் காட்டி, இவர் தலையைத் தூக்கி, மலை வரைக்கும் கண்ணால் தொடர்ந்து போக நேரம் இருந்திருக்கிறது. சாதாரண எரிநட்சத்திரம் அப்படிக் காத்திருக்காது. 'அதோ' என்று சொல்வதற்குள் போய்விடும். விண்கற்கள் பூமியின் காற்றுக்குள் விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டரிலிருந்து 72 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் நுழைகின்றன என்று வானசாஸ்திரிகள் கணக்குச் சொல்லுகிறார்கள். சற்றுப் பெரிய கல் குறைந்த வேகத்தில், சாய்வாக நுழைந்தால் பல விநாடிகள் எரிந்துகொண்டே போகும். ஆகவே அவர் சொன்ன 'மெதுவாக' என்ற ஒரு சொல், பார்க்காதவர் கற்பனையில் வருகிற சொல் அல்ல. கற்பனையில் நட்சத்திரம் எப்போதும் வேகமாகத்தான் விழும்.

அதன் பொருளைத் தாங்கள் எல்லாரும் ஊகித்துவிட்டதாகவும் அவர் ஒளிக்காமல் சொல்கிறார். ஊகிக்காமல் எப்படி இருப்பார்கள்? கையில் வந்த கட்டிக்கு அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை நடந்து, மகரிஷி இன்றோ நாளையோ என்று இருந்த சமயம். ஊரே மனசில் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு வாரம் முந்தி அந்த ஒளி தோன்றியிருந்தாலும் வயிற்றில் சுரீர் என்றுதான் இருந்திருக்கும்.

அந்த ஒரு வாரத்தை எழுதிய கவி நம்மிடம் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1894-ல் பதிப்பித்த புறநானூற்றில் 229-வது பாட்டு. பாடியவர் கூடலூர் கிழார். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர அரசனின் மரணம் பற்றியது. கிழார் எடுத்த எடுப்பில் அழவில்லை. பஞ்சாங்கம் கணிப்பவர்போல் வானத்தைக் குறித்து வைக்கிறார். மாதம் பங்குனி, அதிலும் முற்பாதி. நேரம் நள்ளிரவு. உச்சியிலிருந்த உத்தரம் சாய்கிறது; எதிரே மூலம் எழுகிறது; மிருகசீரிடம் மேற்கே இறங்குகிறது. அப்போது காற்றில் கிளர்ந்த தீ பரவியதுபோல் ஒரு மீன் விழுந்தது. கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை. பிரெஞ்சுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிழாருக்கு நட்சத்திரங்களே கடிகாரம். இருவரும் செய்தது ஒரே வேலை.

அதற்கப்புறம் அவர் எழுதுவதுதான் விஷயம். அதைக் கண்டு நாங்கள் பயந்தோம் என்கிறார். 'நாங்கள்' என்றால் அவரும் அவரைப் போன்ற இரவலர்களும். எங்கள் அரசன் நோயின்றி இருக்க வேண்டுமே என்று தவித்தோம். ஏழாம் நாள் வந்தது. யானை துதிக்கையை நிலத்தில் போட்டுப் படுத்தது. முரசு கண் கிழிந்து உருண்டது. வெண்குடை காம்பு ஒடிந்தது. குதிரைகள் ஓய்ந்து நின்றன. அரசன் போய்விட்டான். (யானை, முரசு, குடை, குதிரை என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவது என் ருசிக்குச் சற்று அதிகம். யானையோடு நிறுத்தியிருக்கலாம். புலவர்கள் சண்டைக்கு வரட்டும்.)

என் கதைக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவே இருப்பது அந்த ஏழு நாள்தான். என் கதையில் நட்சத்திரமும் சாவும் ஒரே வரியில் விழுகின்றன. நடுவில் யாரும் பயப்படவோ, வேண்டிக்கொள்ளவோ, இரவில் எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்க்கவோ இடமில்லை. கிழாருடைய மீன் அரசனின் பெருமைக்குக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அல்ல. அவனை நம்பிப் பிழைத்தவர்களின் வயிற்றுப் பயத்தை அது வெளியே கொண்டுவருகிறது. அது பலித்ததா என்பதுகூட அப்புறம்தான்.

கல்லூரியில் நான் படித்த இரண்டு வருஷத்தில் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' எங்களுக்குப் பாடம். வானம் பற்றி எரிவதெல்லாம் ராஜாக்களின் சாவுக்குத்தான், ஏழை பாழைகளுக்கு அல்ல என்ற அபிப்பிராயம் சீஸரின் மனைவி வாயில் வருகிறது. ஆரணி அம்மாளைக் குத்தியது இந்தப் பழைய வழக்கம்தான். அதை அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தவன் நான். ஷேக்ஸ்பியருக்குச் சுமார் இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1845-ல், டென்மார்க் தேசத்து ஆண்டர்சன் தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதையை எழுதினார். குளிரில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தை நட்சத்திரம் விழுவதைப் பார்த்து, யாரோ சாகிறார்கள் என்று நினைக்கிறது; பாட்டி அப்படிச் சொல்லியிருக்கிறாள். சாகப்போவது தான்தான் என்று அதற்குத் தெரியாது. நம்பிக்கை பாட்டியுடையது, தவறு குழந்தையுடையது. ஆசிரியர் கையை நீட்டவே இல்லை. ராஜாக்களின் நட்சத்திரத்தைப் பிடுங்கி ஓர் அநாதரவான பெண்ணுக்குக் கொடுத்த காரியம் சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

இதையெல்லாம் மனசில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தபோதுதான் 2025 டிசம்பர் 13-ந் தேதி இரவு வந்தது. வருஷா வருஷம் அந்தத் தேதியை ஒட்டி மிதுன ராசியிலிருந்து எரிநட்சத்திரங்கள் பொழியும். கூடலூர் கிழார் பாட்டில் பெயர் வருகிற புனர்பூசத்துப் பக்கம்தான். 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற சிறு கோள் வழியில் உதிர்த்துவிட்டுப் போன தூளுக்குள் பூமி நுழைகிறது, மணலும் பட்டாணியுமாக உள்ளவை காற்றில் உரசி எரிகின்றன, அவ்வளவுதான். அந்த வருஷம் தீபம் ஏற்றியது டிசம்பர் 3-ந் தேதி. பதினொரு நாள் எரிகிற சுடருக்கு அது கடைசி இரவு. தேய்பிறை, சந்திரன் எழ இரண்டு மணி ஆகும். பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரப் பெரியவரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியேறி வந்துவிட்டார். எண்பத்தைந்து வயசு. 1950-ல் விழுந்த நட்சத்திரத்தைத் தம் கண்ணால் பார்த்ததாகக் குடி வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லுவார். அவர் சொல்லுகிறபோது அது தேர் அளவு இருக்கும், ஊரே பகலாகிவிடும்.

"எத்தனை ஆச்சு தம்பி?"

"இருபத்தாறு ஐயா."

கிழக்கே ஒன்று கீறிக்கொண்டு போயிற்று. பெரியவர் திரும்புவதற்குள் அணைந்துவிட்டது.

"போயிட்டுதா? அன்னிக்கும் இப்படித்தான்" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் தம்பி. தெருவுல சத்தம் கேட்டுது. எச்சக் கையோட ஓடப்படாதுன்னு அம்மா அதட்டினாங்க. கையைக் கழுவிக்கிட்டு ஓடியாந்தேன். அதுக்குள்ள மலைக்குப் பின்னாடி போயிட்டுது."

"பார்த்தேன்னு சொல்லுவீங்களே ஐயா?"

"எங்கப்பா பார்த்தாரு. அவரு சொல்லிச் சொல்லி எனக்கும் பார்த்தாப்பலயே ஆயிட்டுது."

தேர் அளவு நட்சத்திரத்தை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து வெறும் வானத்தைப் பார்த்த பத்து வயசுப் பையனை அந்தக் கணமே நம்பினேன். அந்த இரவைப் பற்றி நான் கேட்டவற்றுள் பிரெஞ்சுக்காரர் சொன்னதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது இதுதான். எழுபத்தைந்து வருஷமாக அதைச் சொல்லாமல் வைத்திருந்தாரே என்று எனக்கு ஆதங்கம்.

ஒன்றரை மணிக்குப் பாயைச் சுருட்டியபோது என் கணக்கு முப்பத்தெட்டு. நல்ல இருட்டில் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ. ஊர் விளக்குகள் பாதியைத் தின்றுவிட்டன. அன்றிரவு இந்த ஊரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டுப் பேர் இராது.

மறுநாள் ஆரணி அம்மாளுக்குப் பதில் எழுதினேன். பத்திரிகைக் கெடுவையும், நட்சத்திரத்தை நான் தள்ளிவிட்டதையும் மறைக்காமல் எழுதினேன். கூடலூர் கிழாரைப் பற்றி நாலு வரி எழுதி, அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டதால் அடித்துவிட்டேன். அவர் கணவர் கடைசியாக நெய்த புடைவை என்ன நிறம் என்று கேட்டேன். பதிலில் மூன்று பக்கம் வந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. முக்கால் வாசிதான் நெய்திருந்தாராம். மீதியை மைத்துனர் முடித்துக் கொடுத்தாராம். நட்சத்திரத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

தொகுதியின் அடுத்த பதிப்புக்காகக் கதையின் கடைசி வரியை அடித்துக் கொடுத்திருக்கிறேன். பேரன் வாசலில் வந்து நிற்கிறான், மேலே மேகம். உள்ளே திரும்பிப் போய் என்ன செய்கிறான் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பதிப்பாளர் இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார்.