நுரை கட்டும் நேரம்

ரசத்தின் தரம் அறிந்தவர்களுக்குள்ளேயே பல கட்சிகள் உண்டு. பருப்புத் தெளிவு சற்றுத் தூக்கலாக நிற்க வேண்டும் என்பார் சிலர். மிளகும் சீரகமுமே முன்னால் வர வேண்டும் என்பார் வேறு சிலர். கடைசியில் ஒரு துண்டு வெல்லம் போடாவிட்டால் நாக்குக்குத் திருப்தியில்லை என்பவர்களும், பூண்டு தட்டிப் போடாததை ரசமென்றே ஒப்புக்கொள்ளாதவர்களும் எல்லாக் கட்சிகளிலும் கலந்திருக்கிறார்கள். அவரவர் ருசி அவரவருக்கு. ஆனால் என் அபிப்பிராயமெல்லாம் ரசம் நுரை கட்டும் அந்த ஒரு நிமிஷத்தைச் சுற்றியே அமைந்துவிட்டது. அந்த நிமிஷத்தின் அருமையை எனக்கு உணர்த்தியவர் கும்பகோணத்தில் வாழ்ந்த என் பெரியம்மா.

புளியைக் கரைத்து, உப்பும் மஞ்சள்பொடியும் கட்டிப் பெருங்காயம் கரைத்த நீரும் சேர்த்து, பச்சை வாசனை அடங்கும் வரையில் அதைத் தாராளமாகக் கொதிக்க விடுவார். அதற்குள் கறிகாய் நறுக்குவார், பாலுக்குப் பிரை குத்துவார், வாசலுக்கு வந்தவரிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டும் வருவார். பருப்புத் தெளிவை விட்டு விளாவி, அப்போதுதான் அம்மியில் நுணுக்கியெடுத்த மிளகையும் சீரகத்தையும் தூவிவிட்டாரானால், அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் பதில் வராது. விறகை விரற்கடை அளவு வெளியே இழுத்துத் தீயைத் தணித்துவிட்டு, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, சொம்பின் வாயையே பார்த்தபடி நிற்பார். முதலில் ஓரத்தில் மட்டும் வெளுப்பாக ஒரு வளையம் தோன்றும். அது மெல்ல நடுவை நோக்கி நெருங்கி, மஞ்சள் பூத்துத் தடித்து, மேற்பரப்பு முழுவதும் ஒரே மூச்சில் உப்பி எழும். எழுந்த நுரை உடைவதற்குள் சொம்பு கீழே இறங்கியிருக்கும். நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, உடனே மூடிவிடுவார். இன்னும் ஒரு கொதி வரட்டும் என்று விட்டுவிட்டால் மிளகு சீரகத்தின் மணமெல்லாம் ஆவியோடு போய், காரமும் கசப்பும் மட்டும் தங்கிவிடும். தளதளவென்று கொதித்தால்தான் ரசம் என்று வாதிக்கும் நண்பர்களிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. ஒரு வேளை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகச் சொல்வேன்.

அவர் கையாண்ட பாத்திரமும் அப்படிப்பட்ட சிரத்தையைக் கேட்பதாகவே இருந்தது. வெள்ளீயம் 232 டிகிரிச் சூட்டில் உருகிவிடும் உலோகம். உள்ளே நீர் இருக்கும் மட்டும் சூடு கொதிநிலையோடு நின்றுவிடுவதால்தான் ஈயச்சொம்பு அடுப்பின் மேல் பிழைத்திருக்கிறது. வெறுமே ஏற்றினாலோ, வைத்ததை மறந்துபோய் வற்றவிட்டாலோ, அடி உருகிப் போகும். பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும் என்று ஈயம் பூசி வைத்துக்கொண்டார்கள். நவச்சாரமும் துருத்தியுமாகத் தெருத்தெருவாய் வந்து கூவிய அந்தத் தொழிலாளிகளை இப்போது காண்பது அபூர்வமாகிவிட்டது. ரசத்துக்கென்றோ, முழுதும் ஈயத்தாலான சொம்பே தனியாக இருந்தது. சுத்தமான வெள்ளீயத் தகட்டைக் காதருகே பிடித்து வளைத்தால் மெல்லியதாக ஒரு முறுகல் ஓசை கேட்கும். இன்று கடைத்தெருவில் விற்பவற்றில் காரீயம் கலந்தவையும் இருக்கின்றன. உணவு வைக்கும் பாத்திரத்தில் விஷ உலோகத்தைக் கலப்பதைப்போன்ற பாதகம் வேறில்லை என்று நினைக்கிறேன்.

பெரியம்மாவின் ரசம் தொடர்ந்தாற்போல் இரண்டு நாள் ஒரே விதமாக இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கைக்கணக்கு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் அவர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டவர்கள் அல்லர். வீட்டிலிருந்தவர்களின் தேகஸ்திதிதான் அவருடைய அளவு. பெரியப்பாவுக்கு மூட்டுவலி என்றால் கண்டந்திப்பிலி. சித்திரை பிறந்தால் வேப்பம்பூ. பிரயாணம் செய்து களைத்து வந்தவருக்குப் புளியைக் குறைத்து எலுமிச்சம்பழம். பள்ளிக்கூட விடுமுறையில் நான் போயிருந்த ஒரு சமயம், இலையில் முதலில் ரசத்தையே விட்டார். "ராத்திரியெல்லாம் இருமினியே தம்பி, இன்னைக்கு மிளகு கூடத்தான் இருக்கும். சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு" என்றார். நான் படுத்திருந்தது மாடியறையில். அவர் படுத்திருந்தது கீழே, பின்கட்டில். நான் இருமியது எனக்கே நினைவில் இல்லை.

ஹோட்டல் ரசத்தை மெச்சுகிறவர்கள் அது என்றும் ஒரே பதத்தில் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நூறு பேருக்கு வைக்கிற இடத்தில் அது பெருமைதான். அந்தக் கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் யாருக்கு இருமல், யாருக்கு வயிறு சரியில்லை என்று அங்கே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ என்ற நூலை வெளியிட்டு, பாட்டிமார் கைக்குள் இருந்த கணக்கை அச்சில் ஏற்றி வைத்தார். தாய்வீட்டை விட்டுத் தூரதேசம் போன எத்தனையோ பெண்களுக்கு அது பக்கத்துணையாக இருந்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டாரின் முகத்தைப் பார்த்து அதை மாற்றிக்கொண்டவர்களின் சமையலே எனக்கு உயர்வாகப் படுகிறது. பொட்டலத்தில் வரும் பொடியைக் கொட்டி வைக்கும் ரசத்தில் அப்படி மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? மிளகு எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று முன்பின் தெரியாத யாரோ எங்கோ இருந்து தீர்மானித்துவிடுகிறார்கள்.

இந்த வருத்தத்துக்கு நடுவில் எனக்கு ஆறுதல் தருபவன், சென்னையில் இருக்கும் என் தம்பி மகன். இராப் பணிக்குப் போய் விடிந்த பிறகு வீடு திரும்பும் தன் மனைவிக்காக, அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தைக் கணக்கிட்டு, காலை வேளையிலேயே ரசம் வைக்கிறான். அம்மி ஏது? மிளகையும் சீரகத்தையும் மிக்ஸியில்தான் ஓட்டுகிறான். அந்த வேகத்தில் மிளகு சூடேறி மணம் கொஞ்சம் கெடத்தான் செய்கிறது. என்றாலும் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே அரைக்கிறான். தூக்கம் பிடிக்க வேண்டுமே என்று அவளுக்குப் புளியை மட்டாக விட்டு, நெய்யை ஒரு கரண்டி கூட்டிக் குழைந்த சாதத்தில் பிசைந்து வைக்கிறான். எங்கள் பெரியம்மாவை அவன் பார்த்ததே இல்லை.

பெருங்காயம் மட்டும் அங்கே இன்னும் தூளாகத்தான் இருக்கிறது. தூளோடு மாவும் சேர்ந்து வருவதால் ரசத்தின் தெளிவு மங்குகிறது. கட்டிப் பெருங்காயம் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். முதல் நாள் இரவே வெந்நீரில் ஊறப்போட்டு, கரைந்த நீரைப் புளியோடு சேர்க்கும்படி எழுதியும் இருக்கிறேன்.