மாதிரித்துணிகளும் குறியீட்டு ஆய்வும்

ஆங்கிலேயப் பெண்களின் பூத்தையல் மாதிரித்துணிகளை ஆராய்வோர் பலர், மரம், மான், மலர் என ஒவ்வோர் உருவுக்கும் நிலையான பொருள் கூறி ஓர் அகராதியே அமைத்துவிடுகின்றனர். ஆதாம் ஏவாள் உருவைப் பொறுத்தவரை இதில் தவறில்லை. விவிலியம் அறிந்த எவருக்கும் அது விளங்கும். ஏனையவற்றுக்கு இம்முறை பொருந்துமா என்பதே வினா.

பதினேழாம் நூற்றாண்டின் நீள்துணிகளில், கையில் மலரேந்திய சிறிய ஆணுருவங்கள் பயின்று வருகின்றன. காதலன் காதலிக்குப் பரிசளிக்கும் மறுமலர்ச்சிக்காலச் சித்திரத்திலிருந்து தோன்றியவை இவை. ஒரு துணியைப் பார்த்து மற்றொன்றாகத் தைக்கத் தைக்கக் காதலி செடியாக உருமாறினாள். எஞ்சிய ஆடவனுக்குப் பிற்காலத்தார் 'குத்துச்சண்டைக்காரன்' எனப் பெயரிட்டனர்! இவ்வுருவின் பொருளை எந்த அகராதியில் தேடுவது? தைத்த சிறுமிக்கு இழைக்கணக்கே முதன்மையாக இருந்திருக்கும்.

உருவங்களை மட்டும் நோக்குவோர் உழைப்பை மறந்துவிடுகின்றனர். ஏழைச் சிறுமியர்க்கு எழுத்துத் தையல் கற்பிக்கப்பட்டமைக்குத் தெளிவான காரணமுண்டு: எசமானர் வீட்டுத் துணிகளில் அடையாளம் பொறிக்கும் பணிப்பெண்கள் தேவைப்பட்டனர். சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பாக்கர் என்ற பணிப்பெண் 1830 அளவில் தைத்த துணி இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் உள்ளது. அதில் மரமுமில்லை, மானுமில்லை. செந்நூலிற் குறுக்குத்தையல் எழுத்துகள் மட்டுமே. எசமானிடம் பட்ட கொடுமையையும் தற்கொலை எண்ணத்தையும் அவள் அவ்வெழுத்துகளாலேயே பதிந்தாள். தன் ஆன்மாவின் கதி யாதாகும் என்ற கேள்வியோடு வாக்கியம் இடையில் நின்றுவிடுகிறது.