கைதட்டலுக்குப் பிறகு ஆட்டம்

2017 அக்டோபரில் பெங்களூரு காமராஜ் சாலைச் சந்திப்பில் ஒரு கடற்கன்னி வந்து உட்கார்ந்தாள். மழைநீர் தேங்கிய சாலைப் பள்ளம்தான் அவளுக்குக் கடல். மீன்வால் உடையில் இருந்தவர் கன்னட நடிகை சோனு கௌடா. காட்சியை அமைத்தவர் பாதல் நஞ்சுண்டசாமி, மைசூரில் ஓவியம் படித்தவர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுல்தான்பாளையாவில் இதே மாதிரி ஒரு பள்ளத்தில் முழு அளவு முதலையை மிதக்க விட்டவரும் இவர்தான். 2019 செப்டம்பரில் ஹெரோஹள்ளி பக்கம் விண்வெளி உடை அணிந்த ஒருவரைக் குண்டும் குழியுமான சாலையில் நிலவில் நடப்பதுபோல மெல்ல நடக்க வைத்து வீடியோ எடுத்தார். ஊரே அதைப் பார்த்தது. மாநகராட்சி ஆட்களும் இயந்திரங்களோடு வந்து சேர்ந்தார்கள்.

கலை நிகழ்ச்சிகளை விளையாட்டைப்போல அலசும்போது எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது என்பதுதான் முதல் கேள்வி. கால்பந்தில் எழுபது சதவீத நேரம் பந்தைத் தன்னிடமே வைத்திருந்த அணியும் தோற்றுப்போகும்; பலகையில் ஏறுவது கோல் மட்டும்தான். பருவநிலை மாற்றத்தைப் பேசும் கலைக்கும் கைதட்டல், பார்வை எண்ணிக்கை, விருது எல்லாம் பந்து காலில் இருந்த நேரம். நிகழ்ச்சி முடிந்தபின் யார் எழுந்து என்ன செய்தார்கள் என்பதே கோல்.

இந்தக் கணக்கில் நஞ்சுண்டசாமியின் ஆட்டம் வலுவானது. பிரச்சினை இருக்கும் இடமே அவருக்கு மேடை, கோரிக்கை ஒன்றே ஒன்று, பதில் சொல்ல வேண்டிய அலுவலகம் எது என்று பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். ஒரு சாலையை ஒட்டுப்போடுவதும் கடலோரத்தைக் காப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் கடற்கரைக்காகப் பாடுபவர்களும் ஆடுபவர்களும் இடம், கோரிக்கை, அலுவலகம் என்ற இந்த மூன்றையும் கவனிக்க வேண்டும்.

அதே பெங்களூருவில் நேர் எதிரான பாணியில் ஆடுபவர் ரிக்கி கேஜ். பல் மருத்துவம் படித்துவிட்டு இசைக்கு வந்தவர். 2015இல் கிராமி விருது பெற்றபின் தன் இசையைச் சுற்றுச்சூழலுக்கென்றே ஒதுக்கிக்கொண்டார். அந்த ஆண்டு பாரிஸ் பருவநிலை மாநாட்டில் இந்தியப் பிரதமரும் பிரான்ஸ் அதிபரும் அவருடைய ‘சாந்தி சம்சாரா’ தொகுப்பை வெளியிட்டார்கள். ஸ்டீவர்ட் கோப்லண்டுடன் சேர்ந்து செய்த ‘டிவைன் டைட்ஸ்’ 2022இலும் 2023இலும் கிராமி வாங்கித் தந்தது. நாட்டுத் தலைவர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தில் கடலையும் காட்டையும் ஒலிக்கவைப்பது எளிய காரியமல்ல. அந்த வாசலைத் திறந்ததற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பாட்டு முடிந்து வெளியே வருபவர் நாளைக் காலை எந்தக் கதவைத் தட்டுவது? அதற்கு இந்தப் பெரிய மேடை வழி காட்டுவதில்லை.

பாரிஸ் மாநாட்டையொட்டி நகரெங்கும் வைக்கப்பட்ட கலைப்படைப்புகளை வைத்து நார்வே நாட்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 37 படைப்புகள், 874 பார்வையாளர்கள். அழிவைக் காட்டி அச்சமூட்டியவை, இனிய எதிர்காலத்தை வரைந்தவை உட்படப் படைப்புகள் நான்கு வகையாகப் பிரிந்தன. பார்த்தவர்களைச் செயலை நோக்கி அதிகம் தள்ளியது, தீர்வை அழகோடு கண்முன் நிறுத்திய வகை. அந்த வகையில் தேறியவை மூன்றே மூன்று. மூழ்கும் வீடு, உருகும் பனி என்று காட்டிக்கொண்டே இருக்கும் கலைஞர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

சரி, கடலோரத்தில் உண்மையாகவே கோல் விழுந்த ஆட்டம் உண்டா? தமிழ்நாட்டில் ஒன்று உண்டு. 2017 பொங்கல் சமயத்தில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடியது. அனல்மின் நிலையங்களும் சாம்பலும் சூழ்ந்த எண்ணூரிலேயே படம் பிடித்தார்கள். ஆனந்தபைரவியில் தொடங்கி பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி என்று ராகமாலிகையாக நகர்ந்து சிந்துபைரவியில் முடியும். மார்கழிக் கச்சேரியில் கேட்டுப் பழகிய ராகங்களில் சென்னைத் தெருப்பேச்சு வந்து உட்கார்ந்தபோது, சபா ரசிகர் காதை எடுக்க முடியாமல் கேட்டார். எண்ணூருக்கு வாழ்நாளில் ஒரு தடவையும் போகாத தென்சென்னைக்காரருக்கு அந்தக் கழிமுகம் முதல்தடவையாகக் கண்ணில் பட்டது.

பாடல் தேர்ந்தெடுத்த களம் மிகச் சரியானது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடம் எண்ணூர் கழிமுகம். பெருமழையில் வெள்ளத்தை வாங்கி வெளியே விடுவதும், புயலில் கடல் பொங்கி வரும்போது அதன் வேகத்தைத் தணிப்பதும் அந்தச் சதுப்புநிலம்தான். நிலக்கரியை எரித்து வானத்தைச் சூடாக்கும் அதே ஆலைகளின் சாம்பல், சூட்டின் விளைவிலிருந்து ஊரைக் காக்க வேண்டிய நிலத்தையும் மூடிக்கொண்டிருந்தது. பருவநிலை மாற்றத்தின் காரணமும் விளைவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இடம் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்த நகரத்துக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பாடல் வெளியான அதே 2017 அக்டோபரில் கமல்ஹாசன் எண்ணூர் சென்று கழிமுகத்தைப் பார்த்தார். செய்தித்தாள்கள் பின்னாலேயே போயின. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் கழிவு விஷயத்தில் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, சீரமைக்க உத்தரவிட்டது. இதெல்லாம் ஒரு பாட்டால் நடந்தது என்று சொன்னால் அது எண்ணூர் மீனவர்களுக்குச் செய்யும் அநீதி. பாட்டுக்கு முன்னும் பின்னும் மனு கொடுத்தது, வழக்காடியது, சாம்பல் படிந்த தண்ணீரில் இறங்கிச் சாட்சி சொன்னது எல்லாம் அவர்கள். தனியாக நின்ற அவர்களுக்குப் பாட்டு கூட்டம் சேர்த்துக் கொடுத்தது. நல்ல கலைக்கு இந்த இடம் போதும்.

அந்தக் கூட்டமும் ஒரே நாளில் சேர்ந்ததல்ல. பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இலேயே ஒரு கலை விழா தொடங்கிவிட்டது. கிருஷ்ணாவும் சூழலியல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தியது. கர்நாடக சங்கீதமும் பரதமும் பறையாட்டமும் ஒரே மேடையில். மீனவர்களைச் சபாவுக்கு அழைக்காமல் சபாவைக் குப்பத்துக்குக் கொண்டுபோன முடிவு, ஆட்டத்தின் போக்கையே மாற்றியது. கடற்கரையை உலாவும் இடமாக மட்டும் அறிந்தவர்கள், வலை காயும் வாசலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் வடக்கு யூயிஸ்ட் தீவில் 2018இல் இரண்டு பின்லாந்துக் கலைஞர்கள் செய்ததும் இதே களத்தேர்வுதான். லாக்மேடி ஊரின் கலைமையச் சுவர்களில், வருங்காலத்தில் கடல் எதுவரை ஏறும் என்பதை ஒளிக்கோடாக வரைந்தார்கள். கடல் பொங்கும் அபாயத்தால் அந்தக் கலைமையமே தன் இடத்தில் விரிவடைய முடியாத நிலை. கோட்டைப் பார்ப்பவர் அது தன் இடுப்புக்கு வருகிறதா, தலைக்கு மேல் போகிறதா என்று அங்கேயே தெரிந்துகொள்கிறார்.

எண்ணூர் ஆட்டம் இன்னும் முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள் பாய்ந்தது. மீனவர்களே படகில் போய் எண்ணெயை அள்ளினார்கள்.

கர்நாடகக் கடற்கரைக்கு இப்படி ஒரு பாட்டு இன்னும் வாய்க்கவில்லை என்பது வருத்தம்தான். உள்ளாலிலும் சோமேஸ்வரத்திலும் மழைக்காலம் வந்தாலே அலை வீட்டு வாசலை அரிக்கிறது. அதே மாதங்களில் அந்தக் கரையோர மாவட்டங்களின் யக்ஷகானக் கூத்துக் குழுக்கள் பெங்களூருவுக்கு வந்து ரவீந்திர கலாக்ஷேத்ரா அரங்கில் ஆடுகின்றன. யக்ஷகானத்தில் வசனம் எழுதிவைத்ததல்ல, மேடையிலேயே பிறப்பது. நகைச்சுவை வேடக்காரர் அன்றைய செய்தியைக் கதைக்குள் இழுத்துவிடலாம். எந்த ஊர்க் கரை, எத்தனை வீடு, எந்தத் துறை என்று பெயர் சொல்லிக் கேட்க அந்த மரபே இடம் கொடுக்கிறது. பார்வையாளர்களில் கரையோரத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பங்கள் ஏராளம். சட்டமன்றம் இருக்கும் விதான சௌதா அங்கிருந்து சில நிமிடப் பயணம்தான். பதில் சொல்ல வேண்டியவர்கள் சிறப்பு விருந்தினர்களாக முதல் வரிசையில் உட்காரும் நாட்களும் உண்டு.