ரோஸ் மூக்கு

ராஜபாளையம் நாயைப் புதிதாகப் பார்ப்பவர் உடம்பைப் பார்ப்பார்: பால்வெள்ளை, நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு. வளர்ப்பவர் மூக்கைத்தான் பார்ப்பார். கறுப்பு கலக்காத ரோஸ் வேண்டும்.

அந்த வெள்ளையிலேயே ஒரு வினை இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை இல்லாத குட்டிகளில் சில, காது கேளாமலே பிறக்கும். மூன்று வாரம் கடந்ததும் சோதித்துவிடுவார்கள். அந்தச் சோதனையை ஒரு மாந்தோப்பில் பார்த்தேன். ஏழு குட்டிகள் தாம்பாளத்தில் பால் நக்கிக்கொண்டிருந்தன. அவற்றை வளர்க்கும் பெரியவர் பின்பக்கமாக வந்து எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். ஆறு தலைகள் நிமிர்ந்தன. ஒன்று நக்கிக்கொண்டே இருந்தது.

"தட்டைக் கீழ போட்டா அதிர்வு காலுக்குத் தெரிஞ்சிரும், ஏமாந்துருவோம்" என்றார். அந்தக் குட்டியை விற்கவில்லை.

2005-இல் தபால்தலையில் ஏறிய நாய் இது; முற்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனது. இப்போது அடுக்குமாடி பால்கனியில் கட்டிப்போடுகிறார்கள், பாவம். ஓட இடமில்லாத வீட்டுக்கு இது வேண்டாம்.

வாலாட்டி வரவேற்கும் ரகமும் இல்லை. அந்தத் தோப்பில் தாய் நாய் என்னை ஒருமுறை மோந்துவிட்டு, எனக்கும் குட்டிகளுக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டது. உறுமவில்லை. நான் கால் மாற்றி உட்கார்ந்தபோது மட்டும் கண்ணைத் திறந்தது.