பூங்காக்காரர்

வொஷிங்டன் சதுக்கப் பூங்காவின் தென்மேற்கு மூலையில் உள்ள சதுரங்க மேசைகளை நியூயோர்க் போகாதவர்களும் பார்த்திருப்பார்கள். திரைப்படங்கள் அந்த மூலையை அவ்வளவு பழக்கப்படுத்திவிட்டன. 1993இல் ஸ்டீவன் ஸெய்லியன் இயக்கிய ‘சேர்ச்சிங் ஃபோர் பொபி ஃபிஷர்’, 1994இல் போவாஸ் யாக்கின் இயக்கிய ‘ஃபிரெஷ்’ ஆகிய இரண்டையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் பந்தயத்துக்கு ஆடும் ஒரு பூங்காக்காரர் வருகிறார். இரண்டிலும் ஒரு சிறுவன் அவரிடம் கற்கிறான்.

முதல் படத்தில் அவர் வின்னி. லோரன்ஸ் ஃபிஷ்பேர்ன் நடித்திருக்கிறார். பென் கிங்ஸ்லி நடித்த முறையான ஆசிரியர் பொறுமையைச் சொல்லிக்கொடுக்கிறார். வின்னியிடமிருந்து வேகமும் துணிச்சலும் வருகின்றன. நல்ல படம்தான், சிறுவனின் முகத்தை நம்பி எடுத்த படம். ஆனால் வின்னி அதில் ஒரு மருந்துபோல, பிள்ளைக்குத் தேவையான அளவு மட்டும் புகட்டப்படுகிறார். அவர் எங்கே படுத்தெழும்புகிறார், மழை பெய்தால் அன்றைய சாப்பாட்டுக்கு என்ன வழி என்று படம் கேட்பதில்லை.

இத்தனைக்கும் அது லேசான பிழைப்பல்ல. முதல் ஆட்டத்தைத் தோற்றுக்கொடுக்க வேண்டும், அதுவும் சந்தேகம் வராதபடி. கடிகாரத்தில் எதிராளிக்கு ஐந்து நிமிடம் வைத்துத் தனக்கு இரண்டு நிமிடம் வைத்து ஆசை காட்ட வேண்டும். ஓயாமல் கதைத்து அவருடைய யோசனையைக் குழப்ப வேண்டும், ஆனால் எழுந்து போகுமளவுக்குச் சீண்டக்கூடாது. வருகிறவர் உல்லாசப் பயணியா, பள்ளிக்கூடச் சம்பியனா என்பதை அவர் முதற்காயை நகர்த்துமுன்னே கணித்துவிட வேண்டும். இவ்வளவும் சில டொலர்களுக்கு. இதைப் பித்தலாட்டம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் பித்தலாட்டமும் உண்டுதான். எந்த வியாபாரத்தில் இல்லை?

‘ஃபிரெஷ்’ இந்த இடத்தில் ஒரு படி மேலே போகிறது. சாமுவேல் எல். ஜாக்சன் நடித்த சாம், அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தகப்பன். குடிகாரர். மகனைச் சந்திக்கவே அவருக்கு அனுமதி இல்லை. பையன் களவாகத்தான் பூங்காவுக்கு வருகிறான். ராஜாவைப் பிடிப்பதற்கு எந்தக் காயையும் பலி கொடுக்கலாம் என்று சாம் படிப்பிக்கிறார். போதைப்பொருள் விற்பவர்களிடம் எடுபிடி வேலை செய்யும் அந்தப் பிள்ளை, அதைப் பலகைக்கு வெளியே மனிதர்கள்மேல் செய்து பார்க்கிறான். கடைசிக் காட்சியில் பிந்தி வந்ததற்காகத் தகப்பன் ஏசுகிறார். பிறகு நிமிர்ந்து பார்த்தால் பையன் அழுதுகொண்டிருக்கிறான். வின்னியின் பாடம் ஒரு கோப்பையில் போய் முடிகிறது. சாமின் பாடத்துக்கு விலை இருக்கிறது, அந்த விலை என்னவென்று அவருக்கே தெரியாது. ஆகவே இதுவே எனக்குப் பெரிய படம். ஆனாலும் சாமின் இரவுகளை இதுவும் காட்டவில்லை.

காட்டியிருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை அதே பூங்காவில் இருந்தது. இஸ்ரேல் ஸில்பர், 1958இல் லத்வியாவின் சம்பியன். பின்னாளில் உலக சம்பியனான மிகைல் தாலை 1952இல் வென்றவர். சோவியத் நாட்டைவிட்டு அமெரிக்கா வந்து, 1980களில் வீடில்லாமல் வொஷிங்டன் சதுக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார். ‘ஷெரிஃப்’ என்றுதான் அங்கே அவருக்குப் பெயர்.

ஊரில் வாங்கிய பட்டம் வந்த இடத்தில் சோறு போடாத கதை நமக்குப் புதிதல்ல. கோப்பை கழுவும் ஆசிரியரை நம் சிறுகதைகளில் எத்தனை தடவை கண்டிருக்கிறோம்! அநேகமாக அவர் இரக்கத்துக்காகவே அங்கே நிறுத்தப்பட்டிருப்பார். அந்தச் சமையலறையில் அவர் புதிதாகக் கற்ற கைவேகம், முதலாளியின் முகம் பார்த்து நடக்கும் சூட்சுமம், சக தொழிலாளியிடம் காட்டும் சிறு தந்திரம் எதுவும் கதைக்குள் வராது. ஸில்பரைப் பற்றி யாராவது படமெடுத்தால், தாலை வென்ற ஆட்டத்தைவிட, ஒரு மாலையில் முன்பின் தெரியாத மாணவன் ஒருவனை இரண்டாவது ஆட்டத்துக்கும் உட்காரவைக்க அவர் என்ன செய்தார் என்பதையே நான் பார்க்க விரும்புவேன்.