கட்டற்ற மென்பொருளும் கேட்கப்படாத ஆசிரியரும்

பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுசெல்லும் தன்னார்வலர்களின் சொல்லாடலில் ஒரு சறுக்கல் இருக்கிறது. அதை வெறும் கலைச்சொல் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடர்ந்து வலியுறுத்தி வந்தது பயன்படுத்துபவரின் சுதந்திரத்தை: இயக்க, படித்துப் பார்த்து மாற்ற, பகிர, மாற்றியதையும் பகிர. 1998இல் 'திறந்த மூலம்' என்ற பெயர் வந்தபோது சுதந்திரம் பின்னுக்குப் போய், தொழில் நிறுவனங்களுக்கு உகந்த உற்பத்தி முறை என்பது முன்னுக்கு வந்தது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்கையில் அதுவும் சுருங்கி, 'காசு வேண்டாம் சார், வைரஸ் வராது' என்றாகிவிட்டது.

நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஒரு பள்ளியின் கணினி அறையில் லினக்ஸ் நிறுவி முடித்ததும் அங்கிருந்த தமிழாசிரியர் ஒரு பென்டிரைவை நீட்டினார். பத்து வருஷக் கேள்வித்தாள்கள், எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. 'இதுக்கு என்ன தம்பி செய்யிறது?' என்றார். ஒருங்குறியின் மேன்மை பற்றி அரைமணி நேரம் பேசினேன். 'அரசாங்கமே 2010இல் ஏத்துக்கிச்சு ஐயா' என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரிங்க தம்பி' என்று பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த எழுத்துருக் கோப்பைக் கணினியில் சேர்த்திருந்தால் தாள்கள் தெரிந்திருக்கும். எழுத்துரு மாற்றி ஒன்றைக் காட்டியிருந்தால் ஒருங்குறிக்கே வந்திருக்கும். சின்ன வேலை. எனக்கு ஏன் தோன்றவில்லை? அவரிடம் ஒரு தேவை இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அறியாமை இருக்கிறது என்றே பார்த்தேன். அறிவின் அதிகாரம் இப்படித்தான் வேலை செய்கிறது. மென்பொருள் நிறுவனம் ஆசிரியரை நுகர்வோராகக் கட்டமைக்கிறது. நாம் அவரை மாணவராகக் கட்டமைக்கிறோம். பேசும் தன்னிலையாக அவர் இரண்டு இடத்திலும் இல்லை.

கேரளத்தை இங்கே யோசித்துப் பார்க்க வேண்டும். 2001இல் அங்கே 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. ஆரம்பகாலப் பாடங்களும் பயிற்சியும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சார்ந்திருந்ததை எதிர்த்துக் குரல் கொடுத்தது ஆசிரியர் சங்கம். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அதற்குத் துணை நின்றார்கள். பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் வழங்கல் உருவாயிற்று. பயிற்சி தந்தவர்களும் பள்ளி ஆசிரியர்களே. 'அங்க இடதுசாரி ஆட்சி, அதனால முடிஞ்சுது' என்பார்கள். பாதி உண்மைதான். திட்டம் தொடங்கிய ஆண்டில் மே மாதம் ஆட்சிக்கு வந்தது காங்கிரஸ் கூட்டணி. அரசுகள் மாறியும் திட்டம் நின்றது. 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாகவும் ஆனது. ஆசிரியர்கள் அதைத் தங்களுடையதாகக் கருதியது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது என் வாசிப்பு.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. 2019இல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. ஆக, இயந்திரத்திலும் புத்தகத்திலும் கட்டற்ற மென்பொருள் நுழைந்துவிட்டது. ஆனால் நான் பார்த்த பிள்ளைகளில் பலர் அந்த லினக்ஸைத் திறந்ததே இல்லை. 'அது எதுக்கு சார்?' என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஆசிரியரிடம் யாரும் எதையும் கேட்கவில்லையே.

தன்னார்வலர்களைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஞாயிற்றுக்கிழமையை விட்டு, சொந்தக் காசில் பஸ் ஏறிப் போகிறவர்கள் அவர்கள். அந்த உழைப்பு வீணாகிறதே என்பதுதான் என் ஆதங்கம். அடுத்த பள்ளிக்குப் போகும்போது குறுந்தகட்டை வெளியே எடுக்குமுன், 'இந்தக் கணினியில நீங்க என்ன செய்றீங்க ஐயா? எங்க சிக்குது?' என்று கேட்கலாம். ஊதியம், இடமாறுதல், ஓய்வூதியம் என்று போராடும் ஆசிரியர் சங்கங்களோ, வகுப்பறையில் எந்தக் கருவி வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையையும் கோரிக்கையாக முன்வைக்கலாம். இந்த இரண்டும் எங்கே சந்திக்கும் என்று நண்பர்கள் விவாதிக்க வேண்டும்.